முன்னூறு வருடத்து வாளால் பாய் வெட்ட வேண்டாம், மருமகனே



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது. மற்றவர்கள் காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

டோக்கியோவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் நான்கு வருடமாக இயாய்டோ என்ற ஜப்பானிய வாட்கலையைக் கற்று வருகிறான். உறையிலிருந்து வாளை உருவுவது, வெட்டுவது, மறுபடி உறையில் சேர்ப்பது, இவ்வளவுதான் அந்தக் கலை. எதிரே ஆள் கிடையாது. எதிரி இருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நல்ல கலை. அவனுடைய முன்கோபம் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று என் தங்கை சொல்வாள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். பழைய வாள் ஒன்று வாங்கியிருக்கிறான். எடோ காலத்தது, ஏறக்குறைய முன்னூறு வருடம் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். செய்தவர் பெயர் பொறிக்காத வாள். "இனிமே இதுலதான் பிராக்டிஸ். அடுத்த மாசம் இதை வெச்சே பாய் வெட்டப் போறேன்" என்று கீழே எழுதியிருந்தான்.

குழுவில் ஒரே கைதட்டல். "வீரன்டா", "சூப்பர் மச்சான்", வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் ஒருவன்தான் "வேண்டாம்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. "மாமா, வாளைச் செஞ்சதே வெட்டறதுக்குத்தானே?" இன்னொரு உறவினர், "ஜப்பான்காரன் கத்திக்கு நம்ம வாத்தியார் ஏன் வக்காலத்து வாங்குறார்?" என்று கேட்டார். பெரியவன் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மாணவர்களில் சிலர் ஜப்பானில் இருக்கிறீர்கள். வேறு நாடுகளில் இந்தக் கலையைப் பழகுபவர்களும் இருக்கலாம். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழங்கால ஜப்பானிய வாளைப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது. அதைக் கொண்டு வெட்டிப் பார்ப்பது பெரிய தவறு. தினமும் உருவிப் பழகுவது அதைவிடச் சின்னத் தவறு, ஆனால் தவறுதான். பழகுவதற்கென்றே செய்த வாள் இருக்கிறது. கூர் வாள்தான் வேண்டுமென்றால் இன்று உயிரோடிருக்கும் கொல்லர் செய்த புது வாள் இருக்கிறது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வாள் பிடித்த கை அல்ல இது, சாக்பீஸ் பிடித்த கை. ஆனால் இந்தத் தவறை வேறு ஒரு பொருளில் நானே செய்திருக்கிறேன்.

1987இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மாணவன் தன் தாத்தாவின் வயலில் கிடைத்த செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தான். பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஏறிய காசு. உற்றுப் பார்த்தால் மங்கலாக ஏதோ எழுத்து தெரிந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அமிலம் என்ன செய்யும் பாருங்கள்" என்று நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அதைப் போட்டுவிட்டேன். நுரைத்தது. வகுப்பே கைதட்டியது. வெளியே எடுத்தபோது காசு புதுப் பைசாபோல் பளபளத்தது. எழுத்து இல்லை. களிம்போடு சேர்ந்து அதுவும் கரைந்து போயிருந்தது. அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததில் என்னை இன்னும் உறுத்துவது அந்தப் பத்து நிமிடம்தான்.

கைதட்டலைக் கேட்டு ஒரு பழைய பொருளைக் கெடுத்தவன் நான். வாட்ஸ்அப் குழுவில் அதே கைதட்டலைப் பார்த்தேன். அதனால்தான் வாயைத் திறந்தேன்.

இனி வாளுக்கு வருவோம். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

ஜப்பானில் இரும்புத்தாது குறைவு. அவர்கள் இரும்பு மணலைச் சலித்தெடுத்து, களிமண்ணால் கட்டிய 'ததாரா' என்ற உலையில் மரக்கரியோடு மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு எரிப்பார்கள். கடைசியில் உலையையே உடைத்து உள்ளே இருக்கும் எஃகுக் கட்டியை எடுப்பார்கள். அதில் தேறும் நல்ல துண்டுகளுக்கு 'தமாஹகானே' என்று பெயர். இந்த முறை அழிந்துபோன நிலையில் ஷிமானே மாகாணத்தில் ஓர் உலையை 1977இல் மறுபடி மூட்டினார்கள். இன்றும் குளிர்காலத்தில் மட்டும் அது எரிகிறது. வாள் கொல்லர்களுக்கு எஃகு அங்கிருந்துதான் போகிறது.

அந்த எஃகில் கரி ஒரே சீராக இருக்காது. அதனால் கொல்லர் அதைக் காய்ச்சி, தட்டி, மடித்து, மறுபடி தட்டிச் சீராக்குகிறார். பதினைந்து முறை மடித்தால் 2இன் அடுக்கு 15, அதாவது 32,768 படலங்கள். சினிமாவில் சொல்வதுபோல் லட்சம் முறை யாரும் மடிப்பதில்லை. பிறகு, பெரும்பாலும், மேலே கடினமான எஃகும் உள்ளே மிருதுவான எஃகுமாக இணைத்து வாளாக நீட்டுகிறார்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். வாளின் முதுகில் கனமாகவும் வெட்டும் விளிம்பில் மெல்லிசாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். மெல்லிசாகப் பூசிய விளிம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாக இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேகம்போல், அலைபோல் ஒரு வெண்ணிறக் கோடு தோன்றும். அதற்கு 'ஹமோன்' என்று பெயர். கொல்லருக்குக் கொல்லர், மரபுக்கு மரபு இந்தக் கோடு மாறும். தெரிந்தவர்கள் இதையும், எஃகின் மேல் தெரியும் மரரேகை போன்ற வரிகளையும், அடிப்பாகத்தின் வடிவத்தையும் பார்த்தே எந்த ஊர், எந்தக் காலம், எந்தப் பட்டறை என்று சொல்கிறார்கள்.

இரண்டு வருடம் முன்பு உவேனோவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும், ர்யோகோக்குவில் இருக்கும் வாள் அருங்காட்சியகத்துக்கும் என்னைக் கூட்டிப் போனதே இந்த மருமகன்தான். ஒரு வாளின் முன்னால் முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, விளக்கொளி விளிம்பில் ஓடும் கோணத்தைத் தேடித் தேடிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தான். "இதுதான் மாமா கையெழுத்து" என்றான். கையெழுத்து என்று சொல்லிக் கொடுத்தவனே இன்று அதன்மேல் கோடு கிழிக்கப் போகிறேன் என்கிறான்.

சரி, வெட்டினால் என்ன ஆகும்?

வெட்டிப் பார்க்கும் பயிற்சிக்கு 'தமெஷிகிரி' என்று பெயர். பாய்க்கோரையைச் சுருட்டிக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து, முளையில் நட்டு வெட்டுவார்கள். சில நேரம் பச்சை மூங்கிலையும் வெட்டுவார்கள். வாள் போகும் திசையும் விளிம்பின் திசையும் ஒரே தளத்தில் இருந்தால் வெண்ணெய்போல் வெட்டும். கொஞ்சம் சாய்ந்தால் போதும், மிருதுவான முதுகு வளைந்துகொள்ளும், கடினமான விளிம்பு சில்லுத் தெறிக்கும். கடினமும் நொறுங்கும் குணமும் ஒட்டிப் பிறந்தவை என்று பத்தாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். கற்றுக்குட்டியின் கை சாயாமல் இருக்காது. சாய்ந்து சாய்ந்துதான் நேராகக் கற்றுக்கொள்ள முடியும். அப்படியானால் சாய்கிற காலத்தில் கையில் எந்த வாள் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

"சில்லுப் போனா தீட்டிக்கலாம் மாமா" என்றான். தீட்டுவது என்றால் என்ன? விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் போனால் வாள் முழுவதையும் அந்த அளவுக்குக் கரைத்துக் கீழே கொண்டுவருவது. ஹமோனின் அகலம் அளவானது. ஒவ்வொரு பெரிய தீட்டலுக்கும் அது குறையும். மேல் எஃகு தேய்ந்து உள்ளே இருக்கும் மிருதுவான எஃகு திட்டுத் திட்டாக வெளியே தெரியும் வாள்களை அங்கே 'களைத்துப்போன வாள்' என்றே சொல்கிறார்கள். முன்னூறு வருடத்தில் உன் வாள் எத்தனை முறை தீட்டப்பட்டதோ, இன்னும் எத்தனை தீட்டலுக்குத் தாங்குமோ. தேர்ந்த கைவினைஞர் ஒருவர் வரிசையாகப் பல கற்களை மாற்றி ஒரு வாளை முழுதாகத் தீட்ட வாரக்கணக்கில் ஆகும். நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டும். அதுவும் சில்லுக்குத்தான். விளிம்பில் குறுக்காக மயிரிழை விரிசல் விழுந்தால் அதற்கு வைத்தியமே கிடையாது. அது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அடுத்த வெட்டில் வாள் அங்கே முறியலாம்.

வெட்டாமல் உருவி உறையில் போடுவது மட்டும் என்றால்? ஒரு மாலையில் நூறு முறை உருவுகிறீர்கள் என்று வையுங்கள். உறைக்குள் ஒரு தூசி போதும், மேற்பரப்பில் நீளக் கீறல் விழ. வியர்வைக் கை ஒரு முறை பட்டால் போதும், விரல் ரேகை துருவாகப் பதிய. வாளைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எச்சில் தெறிக்கும் என்று பேசக்கூட மாட்டார்கள். அப்படிப் பத்திரமாக வைத்த பொருளை வாரம் மூன்று நாள் வியர்க்க வியர்க்கச் சுழற்றுவது எந்த ஊர் மரியாதை?

இது வாளின் பாதுகாப்பு. இனி ஆளின் பாதுகாப்பு. என் தங்கை இதை முக்கியமாகப் படிக்க வேண்டும்.

ஜப்பானிய வாளின் பிடி மரத்தால் ஆனது. அதன்மேல் திருக்கை மீன் தோல், அதன்மேல் கயிற்றுச் சுற்று. எஃகின் அடிப்பாகம் அந்த மரத்துக்குள் போகிறது. இரண்டையும் பிணைத்திருப்பது சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு மூங்கில் ஆணி. பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதற்கு 'மெகுகி' என்று பெயர். பயிற்சி தொடங்கும் முன் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆணியைப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் கயிற்றுக்கும் தோலுக்கும் அடியில் இருக்கும் பழைய மரம் சுருங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? ஓங்கி வீசும்போது பிடி கையில் நிற்க, வாள் மட்டும் பறந்தால் எதிரே நிற்பவன் கதி என்ன? பழைய உறையின் ஓரம் தேய்ந்திருந்தால் உருவும்போது விளிம்பு உறையை அறுத்துக்கொண்டு இடது கையில் இறங்கும். படத்தில் அவன் வாள் வெறும் வெள்ளை மரப் பிடியோடும் வெள்ளை மர உறையோடும் இருந்தது. அது வாளைப் பத்திரமாகத் தூங்க வைக்கும் உடுப்பு. சோற்றுப் பசையால் ஒட்டிய மரம். அதைப் பிடித்துக்கொண்டு வெட்டுவதற்கு எந்த ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார்.

இனி எதிர்க்கட்சியின் வாதங்கள்.

ஒன்று. "வாள் வெட்டத்தானே செஞ்சாங்க?" ஆமாம். ஓலைச்சுவடி படிக்கத்தான் செய்தார்கள். அதற்காகச் சரஸ்வதி மகால் சுவடியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து, பிள்ளைகளே புரட்டிப் படியுங்கள் என்போமா? செய்தபோது இருந்த வேலை ஒன்று, இன்று இருக்கும் வேலை ஒன்று. இன்னொன்றும் கேளுங்கள். வாள் ஏந்திய அந்தச் சாமுராய்களே சண்டைப் பயிற்சியை மரவாளிலும் மூங்கில் வாளிலும்தான் செய்தார்கள். உருவும் பயிற்சிக்கு உண்மை வாளை எடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அன்று அது அவர்கள் காலத்துப் பொருள். உடைந்தால் வேறு செய்து கொடுக்க ஊரில் கொல்லர் இருந்தார். இன்று முன்னூறு வருடத்துக் கொல்லரை எங்கே போய்த் தேடுவாய்?

இரண்டு. "எடோ காலத்திலேயே வெட்டிச் சோதிச்சிருக்காங்களே?" சோதித்தார்கள். யமாதா அசாயெமொன் என்ற பட்டத்தோடு தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பமே அந்த வேலையைச் செய்தது. தண்டனை பெற்றவர்களின் பிணங்களை வெட்டிப் பார்த்து, முடிவை வாளின் அடிப்பாகத்தில் பொன்னெழுத்தில் பொறித்தார்கள். கொடூரமான சங்கதி, ஆனால் வரலாறு. கவனியுங்கள், அது பயிற்சி அல்ல, சோதனை. வெட்டியவர் அதையே தொழிலாகக் கொண்டவர். அதிலும் வாளின் வழக்கமான பிடியைக் கழற்றிவிட்டு, சோதனைக்கென்று செய்த கனமான தனிப் பிடியை மாட்டி வெட்டினார்கள். தொழில்காரனே நம்பாத பிடியை நான்கு வருட மாணவன் நம்புகிறான்.

மூன்று. "பழைய வயலினை வாசிக்கலையா? வாசிக்காட்டி அது செத்துப் போகும்பாங்களே?" இதைக் கேட்டது என் மாணவி ஒருத்தி. நல்ல கேள்வி, அதற்காக அவளுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். வயலினில் தேய்வது தந்தியும் வில்லின் மயிரும். அவற்றை மாற்றலாம். ஒவ்வொரு கச்சேரிக்கும் மரத்திலிருந்து ஒரு சீவல் உதிர்வதில்லை. வாளில் தேய்வது வாளேதான், அதுவும் எதற்காக அது வாளாயிற்றோ அந்த விளிம்பு. மேலும், வயலின் உலகத்திலும் எல்லாவற்றையும் வாசித்துவிடுவதில்லை. ஸ்ட்ராடிவாரி செய்த 'மெசையா' என்ற வயலின் ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் வாசிக்கப்படாமல் இருக்கிறது. அவர் கை விட்ட நிலை எப்படி இருந்தது என்று தெரிய ஒன்றாவது வேண்டாமா?

நான்கு. "இது என்ன மசாமுனே வாளா? பேரே இல்லாத சாதா வாள்." இதுதான் எல்லாரும் சொல்வது. இதுதான் மிக ஆபத்தானதும். பெயர் இல்லை என்றால் மதிப்பு இல்லை என்று பொருளா? பழைய நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் அடிப்பாகத்தை வெட்டிச் சுருக்கியபோது கையெழுத்தும் சேர்ந்து போனது. அப்படிப் பெயர் இழந்த வாள்களில் மிகச் சிறந்தவையும் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு ககோஷிமாவின் தெருகுனி கோயிலிலிருந்து காணாமல் போன ஒரு தேசியப் பொக்கிஷ வாள், குனிமுனே என்ற கொல்லர் செய்தது, அமெரிக்காவில் கிடைத்தது. வால்டர் காம்ப்டன் என்ற சேகரிப்பாளர் அது என்ன என்று கண்டுபிடித்து, ஒரு காசு வாங்காமல் 1963இல் திருப்பிக் கொடுத்தார். அது அவர் கைக்குப் போகாமல், "பழைய கத்திதானே" என்று மூங்கில் வெட்டுபவர் கைக்குப் போயிருந்தால்?

உன் வாள் நிஜமாகவே சாதாரண வாள்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அது மலிவாக வந்ததற்குக் காரணம் இருக்கும். களைத்த வாளோ, தீயில் பட்டு மறுபடி காய்ச்சிய வாளோ, மறைந்த விரிசல் உள்ள வாளோ. அந்த வாளை நம்பியா உன் கையையும் பக்கத்தில் நிற்பவன் கழுத்தையும் வைக்கிறாய்? நல்ல வாள் என்றால் வெட்டக் கூடாது. கெட்ட வாள் என்றால் வெட்டவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

ஐந்து. "என் சென்செய் பழைய வாள்தான் வெச்சிருக்கார்." இருக்கலாம். நாற்பது வருடம் பழகிய பெரியவர்கள் சிலர் உறுதியான பழைய வாளுக்குப் புதுப் பிடியும் புது உறையும் செய்து, வெட்டாமல் உருவிப் பழகுகிறார்கள். அவர்களோடும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர்கள் எதைச் செய்யவில்லை என்பதை முதலில் கற்றுக்கொள்.

இனி கசப்பான ஒரு விஷயம். பழைய வாளைப் பயிற்சிக்கு எடுப்பவர்கள் "பாரம்பரியம்", "வாளின் ஆன்மா" என்றெல்லாம் பேசுகிறார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் விலை. பெயரில்லாத சுமாரான பழைய வாள், இன்றைய கொல்லர் செய்யும் புது வாளைவிட மலிவாகக் கிடைக்கிறது. புது வாள் ஏன் விலை அதிகம்? ஐந்து வருடமாவது குருவிடம் இருந்து, அரசின் கலாசாரத் துறை நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கிய பிறகுதான் ஒருவர் வாள் செய்யலாம். அப்படியும் மாதம் இரண்டு நீண்ட வாளுக்கு மேல் செய்யக் கூடாது. அந்தக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. கலையை வாழ வைக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவன் யார் பட்டறை வாசலில் நிற்க வேண்டும்? இறந்த கொல்லரின் வாளைத் தேய்த்து, உயிரோடிருக்கும் கொல்லரின் உலையை அணைப்பதற்குப் பெயர் பாரம்பரியமா?

ஜப்பானில் வாளைப் பதிவு செய்து தாள் கொடுப்பது எந்த அலுவலகம் தெரியுமா? மாகாணக் கல்வி வாரியம். எனக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அதில் வாளின் நீளம், வளைவு, ஆணித்துளைகள், கையெழுத்து எல்லாம் குறித்திருக்கும். கலைப்பொருள் என்ற தகுதியில்தான் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஒரு வீட்டில் இருக்க அனுமதி. புது வாளுக்கும் அதே தாள்தான். ஆனால் புது வாள் கெட்டால் செய்தவரிடம் போய் இன்னொன்று கேட்கலாம்.

அந்தப் பழைய வாள் எதையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது என்று யோசியுங்கள். 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை வந்தது. 1945இல் தோற்ற நாட்டின் வாள்களை வென்ற படை பறிமுதல் செய்தது. பல உருக்கப்பட்டன, பல கடலில் போயின, பல சிப்பாய்களின் பெட்டிகளில் கப்பலேறின. தோகுகாவா குடும்பம் ஒப்படைத்த 'ஹோன்ஜோ மசாமுனே' என்ற புகழ்பெற்ற வாள் எங்கே என்று இன்றுவரை தெரியாது. இத்தனைக்கும் தப்பிய வாள் இது. தலைமுறை தலைமுறையாக யாரோ எண்ணெய் தடவி, துடைத்து, உறையில் வைத்து அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் எல்லாரும் பொறுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீல்ஸுக்காகவா?

நமக்கு ஏன் இந்த வருத்தம் என்று கேட்ட உறவினருக்கும் ஒரு பதில். தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதக் கிடங்கை வெள்ளைக்காரர் காலத்தில் கலைத்தபோது பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். மிஞ்சியதில் ஒரு பகுதியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். போன வாள்களை யார் செய்தார், எந்த ஊர் எஃகு, எப்படிக் காய்ச்சினார் என்று இன்று எந்தக் கொல்லரைக் கேட்பது? ஜப்பான்காரர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார்கள் என்றால், எடுத்துப் பத்திரமாக வைத்ததால்தான். இழந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கடைசியாக என் மருமகனுக்கு.

அந்த வாளை விற்க வேண்டாம், வைத்துக்கொள். வெள்ளை மர உறையிலேயே இருக்கட்டும். அவ்வப்போது எடுத்துப் பழைய எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் தடவு. பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்தின் கறுத்த துருவைச் சுத்தம் செய்கிறேன் என்று தொட்டுவிடாதே. வாளின் வயதைச் சொல்வதே அந்தத் துருதான். செப்புக்காசு வாத்தியார் சொல்கிறேன், கேள். ர்யோகோக்குவில் தெரிந்த ஒருவரிடம் காட்டி அது என்ன வாள் என்று கேள். இரவில் ஒற்றை விளக்கைப் போட்டுக்கொண்டு அதைப் பார்க்கக் கற்றுக்கொள். அதுவும் பயிற்சிதான், உருவுவதைவிடக் கடினமான பயிற்சி.

பழகுவதற்குக் கூரில்லாத கலப்புலோக வாளை எடு. ஜப்பானிலேயே பெரும்பாலோர் வருடக்கணக்கில் அதில்தான் பழகுகிறார்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. பாய் வெட்டும் நாள் வரும்போது உன் ஆசிரியர் சம்மதத்தோடு புது வாள் ஒன்றுக்குச் சொல்லு. அதில் சில்லுப் போகட்டும், வளையட்டும், நீ கற்றுக்கொள்.

நேற்று இரவு போன் செய்தேன். முதலில் கோபமாகப் பேசினான். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "யோசிக்கிறேன் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டான். யோசிக்கிறேன் என்று சொன்ன மாணவனை நான் ஒருபோதும் பெஞ்சு மேல் ஏற்றியதில்லை. இப்போதும் ஏற்ற மாட்டேன்.

புது வாள் விலை அதிகம் என்று எனக்கும் தெரியும். உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என்று கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பங்கை இப்போதே கேட்டு வாங்கிக்கொள். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

1987இல் காசு கொண்டுவந்த மாணவனே, இதை நீ படித்தால் ஒரு வரி எழுது. இத்தனை வருடம் கழித்தாவது உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்